மாமாவின் ஆட்டம் பார்க்க நாற்பது வண்டிகள்

எங்கள் ஊரிலிருந்து மதுரைக்குப் போய் காலேஜில் படித்த முதல் ஆள் என் மாமாதான். அம்மாவுக்கு ஒரே தம்பி. அவருக்கு ஐந்து வயது நடந்தபோது, ஒரே காய்ச்சலில் பதினைந்து நாள் இடைவெளியில் பெற்றவர்கள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். அம்மாவுக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். துக்கம் கேட்கப் போனவள், திரும்பும்போது தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அப்பா கட்டிலில் இன்னொரு தலையணை போடச் சொன்னார். அதனால்தான் அப்பா பிற்பாடு எவ்வளவு அலட்டிக்கொண்டாலும் அம்மா பொறுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

அப்பா அலட்டிக்கொள்ள ஆரம்பித்தது மாமாவின் கடிதங்களால். காலேஜில் பந்தாட்டக் குழுவில் தன்னைச் சேர்த்திருப்பதாக மாமா எழுதியிருந்தார். அதற்குப் பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் வரும். ‘போன சனிக்கிழமை திருச்சிக்குப் போய் ஆடினோம். மூன்று கோல் போட்டோம். ஜெயித்தோம்’ என்று இருக்கும். அப்பா அதை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார். ஜவுளிக்கடையில் படிக்கும்போது அது கடிதத்தில் உள்ளபடியே இருக்கும். வெற்றிலைக் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள், “நம்ம மாப்ள திருச்சிக்காரகளுக்கு மூணு கோல் போட்டுப்புட்டான்” என்று ஆகிவிடும். ‘போட்டோம்’ என்கிற சொல்லுக்குள் எத்தனை பேர் உட்காரலாம் என்று அப்பா யோசித்ததில்லை. மாமா ஒரு வார்த்தை பொய் எழுதியதில்லை என்பதைப் பல வருஷம் கழித்து அந்தக் கடிதங்களைத் திரும்ப எடுத்துப் படித்தபோது கவனித்தேன். எல்லா வரியும் ‘ஓம்’ என்றே முடிந்திருந்தது.

எங்கள் ஊர் வீரபாண்டிக்கு அடுத்து, ஆற்றை ஒட்டி இருந்தது. அங்கே பந்தாட்டத்தைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. போடியிலிருந்து வந்து போகும் ஏலக்காய் வியாபாரி ஒருவர் மட்டும் சென்னைப் பட்டணத்தில் பாதி ஆட்டம் பார்த்திருந்தார். மீதி ஆட்டத்தின்போது முன்னால் நின்றவர் குடையை விரித்துவிட்டாராம். அந்தப் பாதி ஆட்டத்தின் பலத்தில் அவரைத் தலைவராக வைத்து, ‘பந்தாட்ட அபிமானிகள் சங்கம்’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அப்பா காரியதரிசி. நாட்டு வைத்தியர், ஜவுளிக்கடைக்காரர், நிலபுலன் உள்ளவர்கள் பத்துப் பதினைந்து பேர் அங்கத்தினர்கள்.

சங்கத்துக்கு வேலை இருந்தது. மாதம் ஒருமுறை தேனி ஸ்டேஷனிலிருந்து ரயிலில் ஒரு மூட்டை ஹாஸ்டலுக்குப் போகும். ஒரு டின் நெய், உமிக்குள் புதைத்த நாட்டுக்கோழி முட்டை, எள்ளுருண்டை, ஒரு கட்டு மூட்டுவலி இலை. மூட்டுவலி இலை வைத்தியரின் பங்கு. ஒரு மாதம் வியாபாரி தன் பங்காக ஒரு ஜோடி தோல் பூட்ஸ் வாங்கினார். பந்து உதைக்கிறவனுக்கு மற்றவர்களைவிடப் பாதம் பெரியதாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு, தன் காலுக்கு இரண்டு விரற்கடை கூட்டி வாங்கியிருந்தார். ‘பூட்ஸ் வந்து சேர்ந்தது. எங்கள் அணிக்கு மிகவும் உதவியாக இருக்கிறது’ என்று மாமா எழுதினார். அதையும் அப்பா கடைத்தெருவில் படித்தார்.

யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தின தை மாதத்தில், சங்கத்துக்கு ஒரு பெரிய ஆசை வந்தது. காலேஜ் அணியைத் தேனிக்கே கூப்பிட்டு, மலைமேல் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்க்கிறவர்களின் அணியோடு ஆட வைத்துப் பார்க்க வேண்டும். காலேஜுக்கு எழுதிக் கேட்டார்கள். அவர்களும் சரி என்றார்கள். மாமாவிடமிருந்துதான் ஒரு மாதிரியான கடிதம் வந்தது. தேனியில் நல்ல மைதானம் இல்லை, ரயில் நேரம் சரிப்படாது, பரீட்சை வருகிறது என்றெல்லாம் எழுதியிருந்தார். “என்னா அடக்கம் பாத்தியா” என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அம்மா கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள்.

“நானும் வாரேன்” என்றாள்.

அம்மா ஊர் எல்லையைத் தாண்டுவது வருஷத்துக்கு ஒரு தடவை, திருவிழாவுக்கு. பந்து பார்க்கப் பொம்பளைகள் போவதா என்று யாரோ கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களின் வீட்டுப் பொம்பளைகளும் அதற்குள் சட்டி பானைகளை வண்டியில் ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள்.

கோழி கூப்பிடக் கிளம்பினோம். பொங்கலுக்குப் பூசிய வர்ணம் எங்கள் மாடுகளின் கொம்பில் இன்னும் போகவில்லை. பழனிசெட்டிபட்டி தாண்டுவதற்குள் எங்களுக்கு முன்னும் பின்னும் வண்டிகள் சேர்ந்துகொண்டன. தேனிப் பஞ்சுப்பேட்டைக்குப் பின்னால் இருந்த பொட்டலில்தான் ஆட்டம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு சந்தையே கூடியிருந்தது. வண்டிகளின் பின்பக்கத்தைச் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி, மாட்டை அவிழ்த்துவிட்டு, நுகத்தடிக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். வண்டியின் பின்பலகையில் கோணியை விரித்தால் உட்கார்ந்து பார்க்கவும் ஆயிற்று, பரிமாறவும் ஆயிற்று. ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் மூன்று கல் கூட்டி அடுப்பு. கோடு எதற்கு என்று தெரியாததால் நாலைந்து வண்டிகள் கோட்டுக்கு உள்ளேயே நின்றன. யாரோ ஒருவர் தன் காளையைக் கோல் கம்பத்தில் கட்டியிருந்தார்.

நான் ஒரு தடவை ஓடிப்போய் எண்ணிப் பார்த்தேன். நாற்பது வண்டிகள்.

பெண்களுக்குள் நடந்த போட்டிக்கு முன்னால் சாயங்காலம் நடந்தது ஒன்றுமே இல்லை. ஒரு வண்டியில் நாட்டுக்கோழிக் குழம்பு கொதித்தது. அதன் வாசனை அடுத்த வண்டிக்குப் போனதும் அங்கே வெள்ளாட்டுக் கறியை இறக்கிக் கொஞ்சம் நெய் ஊற்றினார்கள். பச்சை மொச்சைக் குழம்பு, பணியாரம், கொழுக்கட்டை, அதிரசம், கட்டுக்கட்டாகக் கரும்பு. அம்மா பணியாரக் கல்லைக் கொண்டுவந்திருந்தாள். மாமாவுக்குக் கருப்பட்டிப் பணியாரம் பிடிக்கும்.

பதினொரு மணிக்கு ரயில் வந்தது. சங்கத்தார் மேளத்தோடு ஸ்டேஷனுக்குப் போய், காலேஜ் அணியை ஊர்வலமாகக் கூட்டிவந்தார்கள். ஒரே மாதிரி பனியன் போட்ட இளைஞர்கள், கூடவே தொப்பி வைத்த ஒரு டிரில் மாஸ்டர். மாலையைப் பார்த்ததும் மாமா, பின்னால் வந்த பந்து மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கினார். வியாபாரி விடவில்லை. தேடிப் பிடித்து மாலை போட்டார்.

அதற்குப் பிறகு வண்டிக்கு ஒரு ஆளாக அணியைப் பிரித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டிரில் மாஸ்டர் பின்னாலேயே ஓடி, “ஆட்டத்துக்கு முன்னாடி ஜாஸ்தி சாப்பிடக் கூடாதுங்க” என்று கெஞ்சினார். “புள்ளைக ஓடணும்ல, தெம்பு வேணாமா” என்று பதில் வந்தது. ஒரு வண்டியில் தின்று முடித்து எழுந்தவனை அடுத்த வண்டிக்காரி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கோல் காக்கிற பையன் மூன்று வண்டியில் சாப்பிட்டுவிட்டு, நான்காவது வண்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

மலையிலிருந்து ஒரு லாரியில் வந்து இறங்கிய தோட்டத்து அணி பொட்டலின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தது. கணக்கப்பிள்ளைகள், மெக்கானிக்குகள், பாதிப் பேர் மலையாளத்துக்காரர்கள். அவர்களை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. பாவம், கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு லேசான வயிற்றோடு இருந்தார்கள்.

மாமாவை மட்டும் காணோம். வந்ததும் அம்மாவைப் பார்த்து, “எதுக்குக்கா இவ்வளவு தூரம்” என்று கேட்டவர், பணியாரத்தைக்கூடத் தொடாமல் போய்விட்டார். அம்மா ஒரு செம்பில் மோரை ஊற்றி என்னிடம் கொடுத்து, “எங்கன இருந்தாலும் குடிக்க வச்சுட்டு வா” என்று அனுப்பினாள்.

பஞ்சுப்பேட்டை மதிலுக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. மாமா தண்ணீர் இறைத்து வாளிகளை நிரப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கூடை எலுமிச்சம்பழம், பாதி நறுக்கியது. கொஞ்சம் தள்ளி, துவைக்கிற கல்லில், உயரமான ஒருவன் உட்கார்ந்து பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவன்தான் காப்டன், தூத்துக்குடிப் பக்கத்துப் பையன் என்று ஸ்டேஷனிலேயே சொல்லியிருந்தார்கள். அது சங்கத்தின் பூட்ஸ் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு பெரிய பூட்ஸ் வேறு யாரும் வாங்கியிருக்க முடியாது.

மாமா மோரை வாங்கிக் கீழே வைத்தார். என்னை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

“ஆத்தா, நான் இன்னைக்கு ஆடல.”

“காய்ச்சலா மாமா?”

“காய்ச்சல் இல்ல. நான் என்னைக்குமே ஆடுனதில்ல. பதினோரு பேருதான் ஆடுவாக. நான் பன்னெண்டாவது ஆளு. யாருக்காச்சும் அடிபட்டாத்தான் என்னையக் கூப்புடுவாக. ரெண்டு வருசமா யாருக்கும் அடிபடல.”

பதினொன்றைவிடப் பன்னிரண்டு பெரிய எண் என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

“அப்ப எல்லாரையும்விட நீங்கதான் பெரிய ஆளா?” என்று கேட்டேன்.

மாமா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று வாளிக்குள் கையை விட்டு முகத்தைக் கழுவிக்கொண்டார். “அக்காட்ட இப்பச் சொல்லாத. ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்குள்ள நானே சொல்லிர்றேன்” என்றார்.

காப்டன் எழுந்து, என்னை வண்டி வரைக்கும் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னான். போகிற வழியில் அவன் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

“ஏ பிள்ள, இவ்வளவு பேரும் எங்கேருந்து வந்திருக்காங்க?”

நான் ஒப்பித்தேன். சின்னமனூர், போடி, ஆண்டிபட்டி, மயிலாடும்பாறை. “வருசநாட்டுக்காரக நேத்தே கெளம்பிட்டாக. மாட்டுக்குக் காலு வீங்கிப் போச்சாம்.”

“எல்லாரும் பந்து பாக்கவா?”

“எங்க மாமாவப் பாக்க.”

“ஒங்கம்மா முன்னாடி பந்தாட்டம் பாத்திருக்காங்களா?”

“எங்கம்மா பந்தப் பாக்க வரல. மாமாவத்தான் பாக்க வந்துருக்கு” என்றேன். இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று இருந்தது. அவன் நின்று, கிணற்றுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தான்.

வண்டிக்குத் திரும்பியதும், “குடிச்சானா?” என்று அம்மா கேட்டாள். குடித்தார் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு ரகசியத்தைக் கட்டிக் காத்த முதல் நாள் அது. வாய் தவறிச் சொல்லிவிடாமல் இருக்க ஒரு கரும்புத் துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டேன்.

மாமா சொல்வதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது. நாலு மணிக்கு வண்டிகளைத் தள்ளி நிறுத்தி, காளையை அவிழ்த்து, அணிகளை வரிசையில் நிற்க வைத்தார்கள். காலேஜ் வரிசையில் பதினோரு பேர். மாமா கோட்டுக்கு வெளியே, இரண்டு வாளிகளுக்கு நடுவில் நின்றார். முதலில் யாருக்கும் புரியவில்லை. ஆட்டத்தின் நாயகன் கடைசியில் இறங்குவார்போலிருக்கிறது என்று ஒருவர் விளக்கம் சொன்னார். அப்பா மட்டும் எழுந்து போனார். வியாபாரியும் பின்னாலேயே போனார்.

டிரில் மாஸ்டர் நின்ற இடம் எங்கள் வண்டிக்குப் பத்தடி தூரத்தில். பேசியதெல்லாம் காதில் விழுந்தது.

“ரெண்டு வருசமா மாசாமாசம் நெய் அனுப்புறோம்ங்க” என்றார் வியாபாரி.

“இல்லேங்கலையே. எல்லாருந்தான் சாப்பிட்டாங்க.”

“அப்ப ஒருத்தன வெளிய நிப்பாட்டிட்டு நம்ம பயல எறக்குங்க. இவ்வளவு சனமும் அவனுக்காக வந்து உக்காந்துருக்குல்ல.”

“முடியாதுங்க. நெய்யப் பாத்து ஆள் எடுத்தா, நாளைக்கு நல்லெண்ணெய் அனுப்புனவரு வந்து நிப்பாரு. அவன் நல்ல பையன். எல்லாருக்கும் முன்னாடி எந்திரிச்சு மைதானத்துக்கு வர்றவன் அவன்தான். ஆனா ஆட்டம் வேற.”

வியாபாரி குரலை உயர்த்தினார். அப்பா அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார். எதுவும் பேசாமல் திரும்பி வந்து வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டார். அப்பா பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

“அவனப் போடலையாம்” என்றார் கடைசியில். “ஒரு நாளும் ஆடுனதில்லையாம். நாப்பது வண்டிச் சனத்துக்கு நான் என்னண்டு பதில் சொல்லுவேன்?”

“அவுக மொச்சையத் தின்டு கரும்பக் கடிச்சுட்டுப் போவாக. அதுக்கு என்னா இப்ப?” என்றாள் அம்மா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கண் வாளிகள் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. மாமா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கழுத்தில் மாலை இன்னும் கிடந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. “வெயிலுக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கிறான் பாருங்க. அதத்தான் பாக்க முடியல” என்றாள்.

அணிகள் பந்தைத் தட்டிப் பழகிக்கொண்டிருந்தன. அப்போது காப்டன் விழுந்தான். பந்து அவனருகில் இல்லை. யாரும் அவனைத் தொடவும் இல்லை. எங்கள் வண்டிக்கு நேராகத்தான் விழுந்தான். வலது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உருண்டான். கூட்டம் ‘அடடா’ என்றது. டிரில் மாஸ்டர் ஓடிவந்து மண்டி போட்டு, கணுக்காலை அமுக்கிப் பார்த்தார். இந்தப் பக்கம் அமுக்கினார், அந்தப் பக்கம் அமுக்கினார். பிறகு காலைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். காப்டன் கண்ணைத் திறக்கவில்லை.

டிரில் மாஸ்டர் எழுந்து, தொப்பியைக் கழற்றித் தொடையில் தட்டிவிட்டு, மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

பொட்டலில் எழுந்த சத்தத்தில் மாடுகள் மிரண்டன. காப்டன் உட்கார்ந்தபடியே பூட்ஸை அவிழ்த்துக் கொடுத்தான். மாமா அதை வாங்காமல் நின்றார். அவன் ஏதோ சொன்னான். மாமா தலையை ஆட்டினார். அவன் மறுபடியும் சொன்னான். பிறகு மாமா உட்கார்ந்து, பூட்ஸுக்குள் துண்டைக் கிழித்துத் திணித்துப் போட்டுக்கொண்டார். மாலையை அப்போதுதான் கழற்றினார்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலேஜ் பையன்களால் ஓட முடியவில்லை. நாலடி ஓடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தோட்டத்துக்காரர்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். முதல் பாதியில் ஒரு கோல், அடுத்த பாதியில் இன்னொரு கோல் போட்டார்கள். கோல் என்றால் என்னவென்று தெரிந்துகொண்ட எங்கள் சனம் அதற்கும் கை தட்டியது. மாமா எங்கேயெல்லாம் பந்து போகிறதோ அங்கேயெல்லாம் ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் பந்து வேறு இடத்துக்குப் போய்விடும். அவர் உதைத்த ஒரு பந்து வருசநாட்டு வண்டியின் குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. அன்றைக்கு விழுந்த கைத்தட்டலில் பெரியது அதற்குத்தான். சட்டிக்குச் சொந்தக்காரி, “நம்ம வண்டியப் பாத்துல்ல போட்டுருக்கு அந்தப் பய” என்று பெருமைப்பட்டுக்கொண்டாள்.

கடைசியில் ஒன்று நடந்தது. கோல் காக்கிறவன் தூக்கக் கலக்கத்தில் முன்னே வந்துவிட, தோட்டத்து மெக்கானிக் ஒருவர் காலியான கோலைப் பார்த்து ஓங்கி உதைத்தார். மாமா எங்கிருந்தோ ஓடிவந்து குறுக்கே விழுந்தார். பந்து அவர் நெஞ்சில் பட்டுத் தெறித்து வெளியே போனது. மாமா முழங்காலெல்லாம் சிராய்த்து, மண்ணில் சறுக்கிக்கொண்டு போய்க் கம்பத்தில் இடித்து நின்றார். அம்மா பலகையிலிருந்து இறங்கிவிட்டாள். அவர் எழுந்து நின்று கையை உயர்த்திக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தாள்.

இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். அதை எங்கள் சனம் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது கோலை மாமா தடுத்தாரே, அதைப் பற்றித்தான் பேச்சு. அப்பாவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. வியாபாரி ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமுமாக மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு பொட்டலைச் சுற்றி வந்தார்கள். மாமா வேண்டாம் வேண்டாம் என்றது மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் காப்டன் ஒரு வைக்கோல் கட்டின்மேல் தனியாக உட்கார்ந்திருந்தான். தோற்ற அணியின் பையன்கள் அவனைப் பார்த்து ஏதோ கோபமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா அவனைப் பார்த்தாள்.

“இங்கன வா தம்பி” என்று கூப்பிட்டாள். “வந்து காலக் காட்டு.”

அவன் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். அம்மா அதற்குள் வாணலியில் கல் உப்பைப் போட்டு வறுக்க ஆரம்பித்துவிட்டாள். அவன் நொண்டிக்கொண்டே வந்து வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்தான். அம்மா சூடான உப்பைத் துணியில் முடிந்து, கீழே உட்கார்ந்து கையை நீட்டினாள். அவன் இடது காலை நீட்டினான்.

எனக்குத்தான் முதலில் தெரிந்தது. “இந்தக் காலு இல்லம்மா. அந்தக் காலு. விழுகுறப்ப அந்தக் காலத்தான் பிடிச்சாரு” என்றேன்.

காப்டனின் முகம் என்னவோ போல் ஆனது. காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அம்மா கணுக்காலை விடவில்லை. அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அந்த நேரம் அப்பாவின் தோளில் மாமா எங்கள் வண்டியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். அம்மா அதையும் பார்த்தாள்.

“வலிக்குக் கண்ணா இருக்கு? அது எடம் மாறும்” என்றாள். “நீ பேசாம இரு.”

அந்த இடது காலுக்கே ஒத்தடம் கொடுத்தாள். உப்பு ஆறியதும் மறுபடி சூடு பண்ணினாள். மூன்று தடவை. குழந்தையின் காலைப் பிடிப்பதுபோல் மெதுவாகப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஒங்கம்மா இருக்காகளா?”

“இருக்காங்கக்கா.”

“நல்லா இருக்கட்டும்” என்றாள் அம்மா. “சாப்ட்டியா?”

“பசிக்கலக்கா.”

“நொந்தது காலுதான? வயிறு என்னா பண்ணுச்சு?” என்று கருப்பட்டிப் பணியாரம் இருந்த தூக்கை அப்படியே எடுத்து அவன் மடியில் வைத்தாள். அன்று காலேஜ் அணியில் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தவர்கள் இரண்டே பேர், மாமாவும் அவனும். அவன் நன்றாகச் சாப்பிட்டான். மாமாவுக்கென்று சுட்ட பணியாரம் ஒவ்வொன்றாகக் குறைவதை நான் வருத்தத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா இறங்கி வந்தபோது அவர் முழங்காலிலிருந்து ரத்தம் கோடாக வழிந்திருந்தது. அம்மா திரும்பிப் பார்த்து, “கெணத்துல போயிக் கழுவிக்க” என்று மட்டும் சொன்னாள். மாமா போகவில்லை. அக்காவின் கை அந்தக் காலில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பலகையில் காப்டனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அம்மா தூக்கில் மிச்சமிருந்த இரண்டு பணியாரத்தை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள்.

பொழுது இறங்கும் நேரத்தில் ரயில் புறப்பட்டது. சின்ன ரயில், யுத்தத்தின்போது அந்தத் தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மாமா ஜன்னலில் நின்று கையை ஆட்டினார். காப்டன், ஊர் முழுக்கப் பார்க்கிறதே என்று, ஏறும்வரை நொண்டினான். எந்தக் காலை என்று நான் உற்றுப் பார்த்தேன். ஸ்டேஷன் படிக்கட்டு வரைக்கும் ஒரு காலை நொண்டினான், அதைத் தாண்டியதும் இன்னொரு காலை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு அம்மாமேல் தாங்க முடியாத கோபம். நோகாத காலுக்கு மூன்று தடவை ஒத்தடம் கொடுத்துவிட்டு, நிஜமாகவே ரத்தம் வந்த சொந்தத் தம்பியைக் கிணற்றுக்கு விரட்டிவிட்டாளே. நான் சொல்லியும் கேட்கவில்லையே. மறுநாள் முதல் தெருப் பிள்ளைகள் எல்லோரிடமும், எங்கள் அம்மாவுக்கு இடது எது வலது எது என்றே தெரியாது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தேன். அது எப்படியோ அம்மாவின் காதுக்கும் போய்விட்டது. நான் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, “நெசந்தான் ஆத்தா. எனக்கு அதெல்லாம் என்னைக்குத் தெரிஞ்சுச்சு” என்றாள்.

நானும் அதை நம்பினேன்.